முதுகு நலனும் நற்பெயரும்

விட்டுவிட்டால் என்ன?

அந்த எண்ணம் வந்தபோது அவள் கைகள் தையல்காரரின் இடுப்பைச் சுற்றியிருந்தன. அவருடைய நல்ல கை அவள் கழுத்தை வளைத்திருந்தது. மற்ற கை, பக்கவாதம் வந்த நாளிலிருந்து யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி, தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே நின்றிருந்தபோது ஈரத் தரையில் அவர் கால் வழுக்கியது. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு மொத்தமும் அவள்மேல் சாய்ந்தது. விட்டுவிட்டால் என்ன? இவர் தரையில் உட்கார்ந்துவிடுவார், நான் நிமிர்ந்துவிடுவேன். உலகம் ஒன்றும் முழுகிப் போகாது.

விடவில்லை. வளர்ப்பும் படிப்பும் சேர்ந்து அவள் கைகளை இறுக்கின. முட்டி மடங்கியிருந்தது, முதுகு நேராக இருந்தது, பாடத்தில் சொன்னபடி எல்லாமே சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருந்த முதுகின் அடிப்பக்கத்தில், உள்ளே, ஏதோ ஒன்று பர்ரென்று போயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்ட தையல்காரர் சந்தேகமாகப் பார்த்தார்.

"டீச்சர், ஏதோ கிழிஞ்ச சத்தம் கேட்டுச்சே. என் சட்டையா, உங்க சட்டையா?"

"எதுவும் கிழியலண்ணே."

"ஆயுசு பூரா துணி கிழிச்சவன்கிட்டயே சொல்றீங்களே."

அந்த மறுவாழ்வு மையத்தில் நோயாளிகள் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டைப் பொத்தானைப் போடவும், கரண்டியைப் பிடிக்கவும், கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய்வரவும் மறந்துபோன உடம்புகளுக்கு அவற்றை மறுபடி சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவள் படித்த படிப்புக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. அது வாயில் நுழையாத உறவுக்காரர்கள், "மசாஜ் மாதிரி ஏதோ பண்றா" என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் உடம்பைத் தூக்கி நிறுத்த வேண்டும், சொல்லிக்கொடுத்த பின்னால் தூக்கி உட்கார்த்த வேண்டும். இதைத்தான் காலையிலிருந்து மாலைவரை அவளும் அவளைப் போன்றவர்களும் செய்தார்கள்.

மையத்தின் நடைபாதையில் காது ஒன்றைப் பெரிதாக வரைந்து ஒரு சுவரொட்டி மாட்டியிருந்தார்கள். 'சிறு வலியையும் மறைக்காதீர்கள். சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறோம்.' கீழே ஒரு போன் எண். ஊழியர்கள் அதன்கீழ் நின்று தினமும் தேநீர் குடித்தார்கள். அதில் எழுதியிருந்ததை நம்பியவள் அவள் ஒருத்திதான். அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டாள்.

துறைத்தலைவி கதவைச் சாத்தினாள். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"நேர்ல உங்ககிட்டதான் மேடம் முதல்ல."

"கடைசியாவும் இருக்கட்டும்." துறைத்தலைவி தன் வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரை அகலமான பட்டை இறுகக் கட்டியிருந்தது. "இது எத்தனை வருஷமா இருக்குன்னு எனக்கே ஞாபகமில்ல. என் புருஷனுக்குத் தெரியாது. நான் குண்டாயிட்டேன்னு நினைச்சிட்டிருக்கார். உனக்கு இந்த வருஷம் நிரந்தர ஆர்டர் வரணுமா வேணாமா?"

"வரணும் மேடம்."

"அப்ப வாங்கிக் கட்டு. வாயையும்."

ஆனால் அவள் அதற்குள் சுவரொட்டியில் இருந்த எண்ணுக்கும் போன் செய்திருந்தாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலி என்பது வெறும் வலியாக இருக்கும்வரை அவளுடையது. சொன்ன நிமிஷத்திலிருந்து அது மையத்தின் முதுகு நலன் மற்றும் நற்பெயர்க் குழுவுடையது.

குழு நீளமான மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் இயக்குநர். அவர் வலப்பக்கம் பாதுகாப்பு அதிகாரி. ஊழியர்கள் இவரை முட்டிமடக்கு என்று அழைத்தார்கள். யார் எதற்குக் குனிந்தாலும் எங்கிருந்தோ வந்து, "முட்டிய மடக்குங்க, முட்டிய மடக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருடைய நாற்காலி மட்டும் இடுப்புக்கும் கழுத்துக்கும் தனித்தனித் தாங்கல் வைத்தது. ஊழியர் நலனைப் பற்றிச் சிந்திப்பவர் வலியோடு சிந்திக்க முடியாதல்லவா. இடப்பக்கம் துறைத்தலைவி, விறைப்பாக. அவளால் வேறு மாதிரி உட்கார முடியாது.

விசாரணைக்கு வந்தவளுக்கு நாற்காலி போடவில்லை. முதுகு வலிக்காரர் உட்காருவது கெடுதல் என்று முட்டிமடக்கு விளக்கினார்.

"காலையில வீட்டுல என்னென்ன பண்ணீங்க?" என்று இயக்குநர் அன்பாகக் கேட்டார்.

"எழுந்து, சமைச்சு, குழந்தையக் குளிப்பாட்டி…"

"குழந்தை." இயக்குநர் பேனாவை எடுத்தார். "இருக்கா?"

"நாலு வயசு சார்."

"தூக்குவீங்களா?"

"பெத்தவ தூக்காம இருப்பாளா சார்?"

முட்டிமடக்கு பெருமூச்சு விட்டார். தொலைந்த சாவி கிடைத்த பெருமூச்சு. "எத்தனை கிலோ மேடம் பாப்பா?"

"பதினஞ்சு இருப்பா. தையல்காரண்ணன் தொண்ணூறு சார்."

"நோயாளிய நீங்க முறைப்படி தூக்கினீங்க. முட்டிய மடக்கினீங்கன்னு நீங்களே சொல்றீங்க. முறைப்படி தூக்கினா காயம் வராது, பாடத்துலயே இருக்கு. குழந்தைய யாரும் முறைப்படி தூக்கறதில்ல. பாசத்துல தூக்கறாங்க." அவர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "பாசம் ரொம்ப ஆபத்து சார்."

குழு கூடிப் பேசியது. அவளை வெளியே அனுப்பக்கூட இல்லை. காயம் வீட்டில் ஏற்பட்டது, பணியிடத்தில் வெளிப்பட்டது என்று முடிவு செய்தார்கள். அந்த வாக்கியத்தின் அழகில் இயக்குநரே சொக்கிப்போய் அதை இரண்டு தடவை வாசித்தார். தலைமையகத்திலிருந்து வருஷா வருஷம் தரப்படும் 'வலியில்லாப் பணியிடம்' கேடயம் அவருக்குப் பின்னால் அலமாரியில் வரிசையாக நின்றது. அடுத்ததற்கு இடமும் விட்டிருந்தார்கள்.

"அப்படியே விட்டுட முடியாது" என்றார் முட்டிமடக்கு. "பணியிடத்துல வெளிப்பட்டதால, இவங்களுக்குத் தூக்கற முறை மறந்திருக்கணும். மறுபயிற்சி வகுப்புக்கு அனுப்பணும் சார். விதி."

துறைத்தலைவி தொண்டையைக் கனைத்தாள். "சார், அந்த வகுப்பை எடுக்கறதே இவங்கதான்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. ஆளத் தேட வேண்டாம்."

மையத்துக்கு வெளியே, தனியாக, அவள் ஒரு முதுகெலும்பு டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எலும்புகளுக்கு நடுவே பிதுங்கியிருந்த ஒரு சின்னக் கறுப்பைக் காட்டினார். வலது காலுக்குப் போகும் நரம்பு அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இன்னொரு தடவை இந்த மாதிரி பாரம் எடுத்தீங்கன்னா, அந்தக் கால் உங்க பேச்சைக் கேக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

"வேலைய விட்டுட முடியாது டாக்டர்."

"விட வேணாம். உங்க மையத்துலயே சேந்துக்கலாம், நோயாளியா."

வீட்டுக்கு வந்தபோது மகள் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஓடிவந்தாள். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை ஏணியில் ஏறுவதுபோல அவள்மேல் ஏறி, தோளில் முகத்தை வைத்து, "இப்படி இல்ல" என்றது. உட்கார்ந்த உயரத்தில் அதற்குத் திருப்தியில்லை. அம்மா என்றால் நிற்க வேண்டும்.

எத்தனை பேரை நிறுத்தியிருப்பேன், என்று நினைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர்கள், வாயில் எச்சில் வழிய என் காதுக்குள் மூச்சுவிட்டவர்கள், வலியில் என்னைத் திட்டியவர்கள். அவர்களை எல்லாம் நிறுத்திய முதுகு, என் பிள்ளைக்கு மட்டும் விடுமுறை கேட்கிறது. அதற்கு மேல், பிள்ளைதான் காரணம் என்று மூன்று பேர் மேஜை போட்டுத் தீர்ப்பு வேறு சொல்லிவிட்டார்கள். பதினைந்து கிலோ. அந்தச் சனியன் பிடித்த கணக்கில் குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

கணவன் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்தான். "ஊருல நீ தூக்காத ஆளே கிடையாது. உன்னத் தூக்க ஒரு ஆளில்ல."

"நீங்க தூக்குங்களேன்."

"எனக்குப் பயிற்சி இல்லம்மா. முட்டிய மடக்கணுமாமே."

அவள் சிரித்தாள். சிரிப்பது எங்கே போய்க் குத்தியது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

மறுபயிற்சி வகுப்பு குளிரூட்டிய அறையில் நடந்தது. முன்னால் ஆசிரியர் நாற்காலி, எதிரே மாணவர் நாற்காலி. கடைசி வரிசையில் முட்டிமடக்கு, கண்காணிக்க. வருகைப் பதிவு எடுக்காமல் வகுப்பைத் தொடங்கக்கூடாது என்றார். அவள் தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். எதிரே போய் உட்கார்ந்து "வந்திருக்கேன்" என்றாள்.

"உட்கார்ந்துக்கிட்டே பதில் சொல்றீங்க. ஆசிரியருக்கு மரியாதை?" என்றார் அவர்.

எழுந்து சொன்னாள்.

அரை மணி நேரம் அவள் காலியான நாற்காலியைப் பார்த்துப் பாடம் நடத்தினாள். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், இடுப்பைத் திருப்பக்கூடாது, நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லாம் அவளே எழுதிய பாடம்தான். முதன்முதலாக அது யாரோ வயதில் சின்ன, வலி தெரியாத பெண் எழுதியதுபோல ஒலித்தது.

"மாணவர் சந்தேகமே கேக்கலையே" என்றார் முட்டிமடக்கு. "ஆர்வம் இல்லன்னு குறிக்க வேண்டியிருக்கும்."

அவள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள். "தொண்ணூறு கிலோ மனுஷர ஒருத்தி தனியா எப்படித் தூக்கணும்?"

எழுந்து அந்தப் பக்கம் போனாள். "ஒருத்தி தனியாத் தூக்கக் கூடாது. ரெண்டு பேர் வேணும். இல்லன்னா தூக்கற இயந்திரம் வேணும்."

மறுபடி இந்தப் பக்கம். "இயந்திரம் எங்க இருக்கு?"

அந்தப் பக்கம். "முகப்புக் கூடத்துல, கண்ணாடி அறைக்குள்ள இருக்கு."

முட்டிமடக்கு எழுந்துவிட்டார். "பாடத்துல இருக்கறது பாடத்துல இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் பேசிவச்சுக்கிட்டுப் பேசறீங்க."

இயந்திரம் உண்மையிலேயே கண்ணாடி அறைக்குள்தான் இருந்தது. மனிதரைத் துணித்தொட்டிலில் வைத்து, பொத்தானை அழுத்தினால் பூப்போலத் தூக்கி நாற்காலியில் இறக்கிவிடும் இயந்திரம். வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மேலே விளக்கு போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதை இயக்கச் சான்றிதழ் வேண்டும். இயக்கிக் காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர் தொடக்கூடாது. தொட்டால் பழசாகிவிடும், பழசானால் 'நல்ல நிலையில் உள்ளது' என்று தலைமையகத்துக்குச் சொல்ல முடியாது. தையல்காரரை ஒருநாள் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கேட்டார்:

"டீச்சர், அது என்ன, தூக்குமா?"

"தூக்கும்ண்ணே."

"யாரை?"

அவள் நாற்காலியைத் திருப்பித் தள்ளினாள். இயக்குநரின் பெயரைத் தூக்குகிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி பதில்கள் எப்போதும் வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்குத் தோன்றும்.

வகுப்பின் முடிவில் செய்முறைத் தேர்வு. தொண்ணூறு கிலோ மணல் அடைத்த பொம்மையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அவள் அதைத் தொடவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தேர்வில் தோல்வி என்று குறித்துக்கொண்டார்கள். தோற்றவருக்குத் தூக்கும் முறை தெரியாது என்று ஆயிற்று. தெரியாதவருக்குத்தான் காயம் வரும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆக அவளுடைய காயத்துக்கு அவளே காரணம் என்பது, குழந்தையின் உதவிகூட இல்லாமல், அறிவியல்பூர்வமாக நிரூபணமாயிற்று. அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் தரத்தைப் பற்றியும் குழு தனியாகக் கவலை தெரிவித்தது.

இதற்குள் முதுகு வாரம் வந்துவிட்டது.

முதுகு வாரம் தலைமையகக் கேடயத்துக்கு முந்திய வாரம். ஒவ்வொரு காலையும் முற்றத்தில் உறுதிமொழி. 'என் முதுகை நான் காப்பேன், என் முதுகு என்னைக் காட்டிக்கொடுக்காது.' வலது கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குக் கை தோளுக்கு மேல் போகவில்லை. இடது கையை உயர்த்தியவர்களை முட்டிமடக்கு திருத்தினார். இரண்டுமே உயராத ஒருவர் பின்வரிசையில் நின்று கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார்.

இரண்டாம் நாள் வலித் தைலத்துக்குத் தடை வந்தது. வார்டு முழுக்கத் தைல வாசனை அடித்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வாசலில் முட்டிமடக்கு நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து உள்ளே விட்டார். கூட வேலை பார்த்த சின்னவள், எல்லாருக்கும் தங்கச்சி மாதிரி இருப்பவள், தைலத்தின்மேல் ரோஜா சென்ட்டைக் கொட்டிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டில் யாரோ சுளுக்கிக்கொண்ட மாதிரி ஒரு வாசனை.

"ரோஜாவா?" என்றார் முட்டிமடக்கு, மூக்கைச் சுருக்கி.

"ஆமா சார். முள்ளோட."

"போங்க."

உடைமாற்றும் அறையில் சின்னவள் தன் இடுப்புப் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். இன்னும் மூன்று பேர் சுவரைப் பார்த்துத் திரும்பிநின்று அதையே செய்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் அங்கே நாகரிகம்.

"அக்கா, நீங்க ஏன் போய்ச் சொன்னீங்க?" என்று சின்னவள் கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"வலிச்சுதுடி."

"எங்களுக்கு மட்டும் என்ன இனிக்குதா?"

மூன்றாம் நாள் கூடத்தில் இயக்குநர் உரையாற்றினார். எழுதிவைத்துப் படிக்காமல், மனசிலிருந்து பேசுவது அவர் வழக்கம். அதுதான் ஆபத்து என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"நம்ம மையத்துல ஒருத்தருக்கும் முதுகு வலி கிடையாது. போன வருஷம் ரெண்டு பேருக்கு இருந்தது. அவங்க இப்ப நம்மகூட இல்ல." கைதட்டினார்கள். "வலியக் குறைக்கறது டாக்டர் வேலை. வலிக்குதுன்னு சொல்றவங்களக் குறைக்கறது நிர்வாகத் திறமை. மத்த இடத்துல ஆள் பத்தலைன்னு ஆள் எடுக்கறாங்க. நாம இருக்கறவங்களுக்கே தன்னம்பிக்கை குடுக்கறோம். மத்த இடத்துல மெஷின வச்சுத் தூக்கறாங்க. நாம மனசால தூக்கறோம். மெஷினுக்குப் பராமரிப்பு வேணும். மனசுக்கு என்ன வேணும், சொல்லுங்க பாப்போம்?"

அவரே சொன்னார்: "ஒண்ணும் வேண்டாம்."

உரை முடிந்ததும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை நாற்காலி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்தது.

"உங்க விஷயம் தலைமையகம்வரைக்கும் போயிடுச்சு. அந்தப் போன் நம்பர்ல பேசினா அங்கேயும் ஒரு நகல் போகுமாம். எனக்கே தெரியாது, யாரும் கூப்பிட்டதில்லையே." அவர் வருத்தமாகச் சிரித்தார். "பரவால்ல. தலைமையகத்துலருந்து வர்றவங்க முன்னாடி, மேடையில, நீங்களே ஒரு ஆளத் தூக்கிக் காட்டணும். காயம்பட்டவங்களே தூக்கிக் காட்டினா, காயம் இல்லன்னு ஆயிடும். கேடயம் நமக்கு. நிரந்தர ஆர்டர் உங்களுக்கு. மேடையிலயே என் கையால தர்றேன்."

"டாக்டர் தூக்கக்கூடாதுன்னு சொல்லிருக்கார் சார். கால் போயிடும்னு."

"ஒரே ஒரு தடவை."

"யாரத் தூக்கணும் சார்? தையல்காரண்ணனையா?"

இயக்குநர் பதறிப்போனார். "சேச்சே. நோயாளிய மேடையில வச்சுத் தூக்கறதா? ஆபத்தில்லையா? விழுந்துட்டார்னா?"

"தினமும் தூக்கறோமே சார்."

"அது வேலை." ஒரு குழந்தைக்கு விளக்குவதுபோலச் சொன்னார். "நோயாளியா நானே உக்காந்துக்கறேன். என்ன, நான் ஒரு அஞ்சு கிலோ கூட இருப்பேன்."

அன்று வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் அவள் முதுகுக்குத் தலையணை எடுத்து வைத்தான். நல்லவன்தான். அதனால்தான் அவன் சொன்னது அவளுக்கு அதிகமாக வலித்தது.

"ஒரு தடவைதானே. பல்லக் கடிச்சுட்டுப் பண்ணிடேன். ஆர்டர் கைக்கு வந்துட்டா அப்புறம் லீவு போட்டு வைத்தியம் பாத்துக்கலாம்."

"கால் போயிட்டா?"

"அப்படியெல்லாம் போயிடாது. டாக்டருங்க பயமுறுத்துவாங்க."

மறுநாள் துறைத்தலைவியும் அதைத்தான் சொன்னாள், தடவிக்கொடுக்கும் குரலில். சின்னவள்கூட, "நான் பின்னாடி நின்னு லேசாத் தாங்கிக்கறேன்க்கா, யாருக்கும் தெரியாது" என்றாள். எல்லாரும் ஒரே ஒரு தடவையைத்தான் கேட்டார்கள். மேடை ஏறுவதற்கு முந்தின இரவு அவள் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருஷமும் யாரும் அவளிடம் ஆயிரம் தடவை தூக்கு என்று கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தடவைதான். ஒருவேளை எல்லாருடைய முதுகும் இப்படித்தான் போயிருக்கும், கேட்டவர் யாருக்கும் பழியில்லாமல். எனக்கு ஏன் மறுப்பு இவ்வளவு தாமதமாக வாய்க்கு வருகிறது? பயமா? நல்லவள் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசையா? வலி உடம்பில் இருக்கிறது என்று டாக்டர் படத்தில் காட்டினார். அந்த ஆசை எந்த எலும்புக்கு நடுவில் இருக்கிறது என்று காட்ட ஒரு படமும் இல்லை.

நாளைக்குத் தூக்கிவிடுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டு தூங்கினாள்.

கூடம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் தலைமையகத்துக்காரர்கள் மூன்று பேர், மடியில் கோப்பு. அவர்களுக்குப் பக்கத்தில், மையம் கலகலப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நன்றாக உடையணிந்த நோயாளிகளைத் தள்ளிவந்து நிறுத்தியிருந்தார்கள். தையல்காரர் தாமே பொத்தான் போட்ட சட்டையில் இருந்தார். ஒரு பொத்தான் தப்பான ஓட்டையில். அவளைப் பார்த்து நல்ல கையை உயர்த்தினார்.

மேடையில் ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி. நாற்காலியில் இயக்குநர். நோயாளியாக நடிப்பதில் அவருக்கு இருந்த உற்சாகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. காலில் போர்வை போட்டிருந்தார். ஒரு கையைத் தொங்கவிட்டிருந்தார். வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, அதன் ஓரத்திலிருந்து ஒரு முனகல்வேறு விட்டார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

தையல்காரர் சிரிக்கவில்லை. தன் தொங்கும் கையை நல்ல கையால் எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார்.

ஒலிபெருக்கியில் முட்டிமடக்கு வர்ணனை செய்தார். "பணியாளர் நோயாளியை நெருங்குகிறார்."

அவள் நெருங்கினாள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள், வழக்கத்தால்.

"பணியாளர் முட்டியை மடக்குகிறார்."

இயக்குநரின் நல்ல கை அவள் கழுத்தைச் சுற்றி வந்து கனமாக விழுந்தது. வாசனைத் திரவியம் மணத்தது. இந்தக் கை ஒருநாளும் யாருக்காகவும் கனத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கோபமாகக்கூடத் தோன்றவில்லை, எடை பார்ப்பதுபோலத் தோன்றியது. அவள் அந்தக் கையைக் கழுத்திலிருந்து எடுத்து, அவர் மடியில் மெதுவாக வைத்தாள்.

"பணியாளர் முட்டியை மடக்குகிறார்" என்றது ஒலிபெருக்கி மறுபடியும்.

அவள் நேராக நின்றாள்.

"தூக்குங்க" என்று கோணாத பக்கத்து உதட்டால் இயக்குநர் முணுமுணுத்தார். "எல்லாரும் பாக்கறாங்க."

"தூக்க மாட்டேன் சார்."

அவள் அதை அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். முட்டிமடக்கு மூன்றாவது தடவையும் முட்டியை மடக்கிவிட்டு, ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

"ஆர்டர் என் பையில இருக்கு. கையெழுத்துப் போட்டாச்சு."

"இருக்கட்டும் சார்."

"என்ன வேணும் உங்களுக்கு? சொல்லுங்க. அப்புறம் பேசிக்கலாம். இப்பத் தூக்குங்க."

"உங்களத் தூக்க மாட்டேன். இனிமே யாரையும் தனியாத் தூக்க மாட்டேன்."

தலைமையகத்துக்காரர்களில் ஒருவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். இயக்குநரால் எழுந்துகொள்ள முடியவில்லை. எழுந்தால் பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடும், எழாவிட்டால் தூக்க ஆளில்லை. வாயைக் கோணியபடியே வைத்திருந்ததில் கன்னம் துடிக்க ஆரம்பித்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் சின்னவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். துறைத்தலைவி அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். எதற்காக நிறுத்தினாள் என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை.

இயக்குநரின் முன்னால் நின்று நின்று அவளுக்கு வலது கால் மரத்துப்போனது. மேடையில் அவளுக்காக நாற்காலி எதுவும் போட்டிருக்கவில்லை. நோயாளியை மாற்றுவதற்காகப் போட்டிருந்த கட்டில் காலியாக இருந்தது. அவள் அதில் போய் உட்கார்ந்தாள்.